ஒன்பதாவது ஓட்டு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டுக் குடித்தான். வாஷிங் மெஷினில் கிடந்த துணிகளை எடுத்துக் கொடியில் காயப்போட்டான். முன்பெல்லாம் கிளிப் போதாது. மனைவி இறந்த இந்த மூன்று வாரமாகப் பாதி மிஞ்சுகிறது. குளித்துச் சட்டை மாட்டினான். மணி ஏழு.

கீழே மைதானத்தில் விசில் சத்தம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அது கேட்காமல் இருந்ததில்லை. எட்டிப் பார்த்தான். பந்து உதைக்கும் பிள்ளைகளைக் காணோம். போலீஸ் ஜீப் நின்றது.

காலிங் பெல் அடித்தது. கோல்கீப்பர் பெண், கையுறையைக்கூடக் கழற்றாமல் மூச்சு வாங்க நின்றாள்.

"அண்ணா, சீக்கிரம் வாங்க. எங்க கோச்சைப் பிடிச்சுட்டுப் போகப் போறாங்க."

குடியிருப்புச் சங்கத்தின் ஹாலில் கூட்டம். விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைதானத்தைப் பிள்ளைகளுக்கு விடுவதா, கார் பார்க்கிங் ஆக்குவதா? கமிட்டியின் ஒன்பது பேரும் கையெழுத்திட்ட சீட்டை ஒரு மாதத்துக்குள் பெட்டியில் போட வேண்டும். நேற்று மாலை பெட்டியைத் திறந்தார்கள். மைதானத்துக்கு ஐந்து, பார்க்கிங்குக்கு நான்கு.

அந்த ஐந்தாவது, சங்கச் செயலாளராக இருந்த அவன் மனைவியின் சீட்டு. இறப்பதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

"பெட்டி இருந்தது யூத் கிளப் ரூம்ல. சாவி இருந்தது இவன்கிட்ட." சங்கத் தலைவர் இன்ஸ்பெக்டரிடம் கோச்சைச் சுட்டிக்காட்டினார். எல்லோரும் 'விசில்' என்று கூப்பிடும் அந்த இளைஞன் மூலையில் வெளிறிப்போய் நின்றான். "படுத்த படுக்கையா இருந்தவங்க நாலு மாடி இறங்கி வந்து ஓட்டுப் போட்டாங்களாம். நம்ம காதுல பூ சுத்துறான் சார்."

"நான் பெட்டிக்குக் காவல்தான் சார் இருந்தேன்," என்றான் விசில். "தொட்டுக்கூடப் பார்க்கல."

"இவருக்கு ரெண்டு கார் சார்," என்றாள் கோல்கீப்பர். "ஒண்ணு வெயில்ல காயுது. அதான் இந்த வயித்தெரிச்சல். அந்தக் காருக்கு வாய் இருந்தா அதுவே வெயில் பரவாயில்ல, பார்க்கிங் வேண்டாம்னு சொல்லும்."

"ஏய், நீ சும்மா இரு! சார், செத்தவங்க பேர்ல கள்ள ஓட்டு. போர்ஜரிதானே இது? இவனை உள்ள தள்ளுங்க. நாளைக்கு லாரியில ஜல்லி வந்து இறங்குது. அந்தம்மா என்கிட்டயே சொன்னாங்க, பார்க்கிங்குக்குத்தான் போடுவேன்னு!"

"செத்தவங்க வந்து சாட்சி சொல்ல மாட்டாங்கங்கிற தைரியத்துல அடிச்சு விடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹால் முழுக்கச் சிரித்தது. தலைவர் சிவந்துபோனார்.

இன்ஸ்பெக்டர் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஆறு வருடக் கூட்டக் குறிப்புகள், ஒவ்வொன்றின் கீழும் செயலாளர் கையெழுத்து. சீட்டைப் பக்கத்தில் வைத்தார். அதே சாய்ந்த எழுத்து, அதே நீண்ட வால்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரே கைதான். இருந்தாலும் புருஷன் ஒரு வார்த்தை சொல்லணும்." அவன் பக்கம் திரும்பினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இல்லைன்னு சொன்னா, இவனை இப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன்."

விசில் அவனையே பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே இருபது பிள்ளைகள் பார்த்தார்கள்.

"அதை எழுதும்போது நான் அங்கேயேதான் இருந்தேன்," என்றான்.

"பெட்டியில யார் போட்டது?"

"நான்தான். அவளால இறங்க முடியாதே."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்று கத்தினார் தலைவர்.

"யாரும் கேக்கல."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஜல்லிக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடுங்க தலைவரே."

படிக்கட்டில் விசில் பின்னாலேயே ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, அக்காவுக்கு எங்க மேல உயிர். கடைசி வாரம்கூட ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எங்களைப் பார்த்து அப்படிக் கையை ஆட்டினாங்க. பசங்களுக்கு ஒரே குஷி. அன்னைக்கு ஏழு கோல்." தயங்கினான். "கடைசியா எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"மைதானத்தைப் பாத்துக்கச் சொன்னா."

விசில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். அவள் ஒரு நாளும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியதில்லை. "உங்க எழுத்துதான் அழகு" என்று அவன் தலையில் கட்டிவிடுவாள். ஆறு வருடமும் எழுதியது அவன்தான், கையெழுத்து உட்பட.

அவள் இறந்தபோது மரியாதைக்காக மூன்று நாள் பிள்ளைகள் விளையாடவில்லை. வீட்டுக்குள் பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான்காம் நாள் காலையில் பேனாவை எடுத்தான். முன்தேதி போட்டான்.

கீழே விசில் சத்தம் கேட்டது. பந்து சுவரில் மோதியது. இருபது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. அவன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கடைசியாக அவள் மைதானத்தைப் பற்றிப் பேசியது உண்மைதான். வார்த்தைகள்தான் வேறு.

"அந்த மைதானத்தை முதல்ல இழுத்து மூடச் சொல்லுங்க. மனுஷியை நிம்மதியா சாகக்கூட விடமாட்டேங்குறாங்க."