ஆடினால் திறக்கும் கதவு

மணியை அழுத்திவிட்டு, அழுத்திய விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எத்தனையோ வருஷம் எதிரெதிரே குடியிருந்தாயிற்று. இந்த மணியை அவள் தொட்டதே இல்லை.

கீழே டாக்சி நின்றது. கணவன் நவநீதன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் விமான நிலையம். அப்புறம் திருச்செங்கோடு. அப்புறம் ஜப்பான் என்று ஓர் ஊர் அவளுக்கு இல்லை. அவ்வளவுதான்.

நேற்று பெட்டி கட்டும்போது அவன் விளையாட்டாகக் கேட்டான்.

"ஊருக்குப் போனா இங்கத்த ஞாபகம்னு உனக்கு என்ன புள்ள இருக்கும்?"

செர்ரிப் பூ, பனி, ரயில் என்று அடுக்கினாள்.

"அதெல்லாம் காலண்டர்லயே இருக்குது" என்று சிரித்தான்.

அவனுக்கென்ன! ஆபீஸ் இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள். வழியனுப்புகிறோம் என்று கூப்பிட்டு விருந்தும் போட்டார்கள். அவளுக்கு மொழி பிடிபடவில்லை, வேலையும் இல்லை. இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் யார் என்று விரல் மடக்கினால் ஒரே ஒரு விரல்தான் மடங்கியது. வாழ்ந்த வாழ்க்கை ஒட்டாமலே உதிர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மடங்கிய அந்த ஒரு விரல், எதிர்வீட்டு மொரிதா அம்மா.

ஐம்பது வயதிருக்கும். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். இருவரையும் சேர்த்துவைத்தது பூமிதான்.

அந்த ஊரில் நிலம் ஆடும். ஆடினால் அடுப்பை அணைக்க வேண்டும், வாசல் கதவைத் திறந்துவைக்க வேண்டும். சுவர் கோணிக்கொண்டால் கதவு சிக்கிக்கொள்ளும், ஆள் உள்ளேயே மாட்டிக்கொள்வார். வந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முதல் தடவை ஆடியபோது, கீழே ஏதோ பெரிய உயிர் தூக்கத்தில் புரண்டு படுக்கிறது என்றே நினைத்தாள். அம்மாடி! கால் ஊன்ற மண்ணைவிட்டால் வேறென்ன இருக்கிறது? அதுவே ஆடினால்? கரண்டியோடு ஓடிக் கதவைத் திறந்தாள்.

எதிர்க்கதவும் திறந்தது. வாயில் பிரஷ்ஷோடு மொரிதா அம்மா.

"தைஜோபு?"

ஒன்றும் இல்லையே என்று அர்த்தம்.

"தைஜோபு" என்றாள் இவளும். ஒன்றும் இல்லை என்பதற்கும் அதுதான் சொல்.

ஆட்டம் நின்றது. இருவரும் தலை குனிந்து வணங்கினார்கள். கதவுகள் மூடிக்கொண்டன.

அதன்பின் எப்போது ஆடினாலும் அப்படித்தான். ஒருமுறை அவர் தலையில் பாதி மையோடு வந்தார். ஒருமுறை கக்கத்தில் பூனையோடு. இவள் ஒருமுறை மாவு பிசைந்த கையோடு போனாள். இன்னொருமுறை, அழுது வீங்கிய முகத்தோடு. அன்றைக்கு ஆட்டம் நின்ற பிறகும் மொரிதா அம்மா கதவை மூடவில்லை. இவள் மூடும்வரை நின்றார்.

ஒரு குளிர்காலத்தில் ஆட்டம் நிற்கவே இல்லை. கட்டடம் முனகியது. வெளியே மின்கம்பிகள் ஊஞ்சலாடின. இருவரும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். அதைப் பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோயிலில் திரை விலகும்போது வாயடைத்து நிற்போமே, அது.

ஆடாத நாளில் பார்த்துக்கொண்டதே இல்லை.

கடைசி வாரம் முழுக்க, வெட்கக்கேடு, பூமி கொஞ்சம் ஆடாதா என்று காத்திருந்தாள். அது பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் இன்று மணி.

உள்ளே காலடி கேட்டது. கதவு திறந்தது. தூக்கம் கலையாத முகம்.

மொரிதா அம்மா அவளைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று அண்ணாந்தார். விளக்கு ஆடுகிறதா என்று பார்த்தார். விடுவிடுவென்று உள்ளே ஓடி, அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

இவளுக்குச் சிரிப்பு வந்தது. அடேயப்பா, என் முகத்தைக் கண்டாலே நிலம் ஆடுகிறது என்றல்லவா இந்த மனுஷிக்கு ஆகிவிட்டது!

தெரிந்த நாலு சொல்லைக் கூட்டிச் சொன்னாள். ஊருக்குப் போகிறேன். திரும்பி வரமாட்டேன்.

மொரிதா அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில் அவருக்கும் அந்த ஒன்றுதான் வந்தது.

"தைஜோபு?"

இவள் குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கினாள். கதவு மூடும் சத்தம் கேட்கும் என்று கடைசிப் படிவரை காது கொடுத்துக்கொண்டே வந்தாள்.

கேட்கவில்லை.

 

திருச்செங்கோட்டில், மாமியார் வீட்டு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மனையில் போர் போட வந்த ரிக் வண்டி, சொல்லாமல் கொள்ளாமல் நிலத்தைத் துளைக்கத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன.

அவள் எதையும் நினைக்கவில்லை. நினைக்க நேரமே இல்லை.

கை அடுப்பை அணைத்தது. கால் ஓடியது. வாசல் கதவு விரியத் திறந்தது.

திறந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. உடம்பு முழுக்கப் புல்லரித்தது. ஒன்றுமே மிஞ்சாது என்று பயந்தாளே, அத்தனை வருஷமும் கையிலும் காலிலும் அல்லவா இருந்திருக்கிறது!

எதிரே வீடு கிடையாது. ஒரு வேலி. அதற்கப்பால் கடலைக்காடு, வெயில்.

தலை குனிந்து வணங்கினாள்.

"தைஜோபு" என்றாள்.

மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஆரு அம்மிணி வந்திருக்கறது?"

"எதுத்த ஊட்டுக்காரங்க அத்தை."