நாக்கடியில் ஒரு பொட்டுச் செம்பு

தென்காசி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டரின் வெள்ளை விளக்கொளியில் அனுசியா தன் உடம்பிலிருக்கும் உலோகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். தலைக்குள் இருக்கும் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள். தோடும் வளையலும் கொண்டை ஊசியும் எவர்சில்வர் தட்டில் விழுகின்றன. பன்னிரண்டு வருடமாக இறுகிப்போன மெட்டியை நர்ஸ் சோப்பு நுரை போட்டுத் திருகி எடுக்கிறாள். மாமியார் முப்பிடாதியம்மாள் மஞ்சள்கிழங்கு கோத்த கயிற்றை அவள் கழுத்தில் கட்டிய பிறகுதான் தாலிச் செயினைத் தொடவே விடுகிறாள். "வெறுங்கழுத்தா இருக்கப்பிடாது ஏட்டி, எம்பிள்ளைக்கு ஆவாது." அந்தப் பிள்ளை, அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், ஸ்கேன் முடிவதற்குள் குளித்துவிட்டு வருகிறேன் என்று குற்றாலத்துக்குப் போயிருக்கிறான். ஜன்னல் கண்ணாடியில் சாரல் வழிகிறது. அனுசியா செல்போனிலேயே மூன்று பாகம் மாயக்கதை எழுதியவள். அந்த உலகத்தில் உலோகத்தை விழுங்கினால்தான் சக்தி. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் பகைவர்கள் நாயகியிடமிருந்து கடைசி ஊசிவரை பிடுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் நாக்கடியில் ஒரு பொட்டுச் செம்பு மிஞ்சியிருக்கும்; அதை விழுங்கித் தப்பிவிடுவாள். இந்த மாதிரிக் கதைகளுக்கு அதுதான் வழக்கம். வாசகர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே அதற்காகக் காத்திருப்பார்கள்.

"வேற மெட்டல் எதுவும் இருக்காக்கா? வாய்க்குள்ள, பல்லுல?" என்று மெஷின்காரப் பையன் பேப்பரைப் பார்த்தபடி கேட்கிறான்.

அனுசியா நாக்கை ஒருமுறை வாய்க்குள் சுழற்றிப் பார்க்கிறாள்.

"ஒண்ணுமில்ல தம்பி."