ஜோடி மாதம்

சில பறவைகளில் ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் தனித்தனியே வாழ்வதைக் காட்டித்தான் ஆட்சியாளர்கள் மனிதர்களையும் பிரித்திருந்தார்கள். ஆண்களுக்கு வடக்கு முகாம், பெண்களுக்குத் தெற்கு முகாம். ஜோடி மாதத்தில் மட்டும் கணவன் மனைவியிடம் வரலாம்.

மனைவியைப் பார்க்க அத்தர் சீசாவோடு வந்த யாகூபை, தெற்கு முகாம் வாசலில் காவல் நின்ற ரெஜினா நிறுத்தினாள்.

"பாய், நூர்ஜகான் அக்கா மழைக்காலத்துலயே தவறிட்டாங்க."

அவர் சீசாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கபரையாவது பாத்துட்டுப் போறேன்மா."

ஜோடியில்லாத ஆணை உள்ளே விடக்கூடாது. ரெஜினா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, இயந்திரத்தில் தன் கைரேகையை வைத்தாள்.

"என் ஜோடின்னு பதிஞ்சிட்டேன். போங்க."

"உன் வீட்டுக்காரர்?"

"நாளைக்கு வர்றார். வருஷத்துக்கு ஒருத்திக்கு ஒருத்தர்தான், அவரை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

யாகூப் பின்வாங்கினார். "வேண்டாம்மா. பாவம்."

"அவர் உயிரோட இருக்கார், பாய். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்," என்று கதவைத் திறந்துவிட்டாள் ரெஜினா.