இடது கை

சம்பளச் சீட்டை இடது கையால் மறைத்துக்கொண்டு படிப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்க்காமல் விடையை மறைப்போமே, அதே மாதிரி. "சம்பளம் உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவுல இருக்கிற ரகசியம்" என்பார் மேலாளர். வெளியே சொல்லமாட்டேன் என்று கடவுளிடமும் கையெழுத்து வாங்கியிருப்பார்.

சந்தியாகு இறந்து மூன்று மாதமாகிறது. ஆனாலும் முதல் தேதி காலை பதினொரு மணிக்குத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒட்டிய சீட்டைக் கிழித்துப் படிக்கிறார். பக்கத்து மேசை கோமளவல்லியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறார். பத்தொன்பது வருடம் அவருக்குச் சமமாக அதே வேலையைப் பார்த்தவள். இப்போது அவர் வேலையும் அவள் தலையில். மதியம் மேலாளரிடம் சம்பள உயர்வு கேட்கப் போகிறாள். எவ்வளவு கேட்பதென்றுதான் தெரியவில்லை.

"சார், இனிமே உங்களுக்கென்ன பயம்? உங்களுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லுங்க. அதையே கேட்டுப் பார்க்கிறேன்."

சந்தியாகு மேலாளரின் கண்ணாடி அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இடது கை சீட்டின்மேல் இன்னும் அழுந்தியது.

"மெதுவாப் பேசும்மா. தெரிஞ்சா வேலை போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்த பிறகும் வேலையா சார்?"

"சரி, நீதான் உயிரோட இருக்கியே. உன்னோடதை முதல்ல சொல்லு."

கோமளவல்லி வாயைத் திறந்தாள். கண் தானாகக் கண்ணாடி அறைப் பக்கம் போனது. குனிந்து பார்த்தாள். தன் சீட்டின்மேல் அவளுடைய இடது கை சில்லிட்டுக் கிடந்தது. எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை.