வந்து போனவர் பெயர்

கட்டிலும் அடுப்பும் பொருத்திய வேனில் சதக்கும் மனைவி மலிகாவும் தொண்டியிலிருந்து புறப்பட்டு ஐந்து நாளாயிற்று. எந்த அருங்காட்சியகத்திலும் மலிகா எதையும் பார்ப்பதில்லை; பார்வையாளர் பதிவேட்டை மட்டும் புரட்டுவாள். மூன்று வருடத்துக்கு முன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப்போன மகன் இர்பானுக்கு, போகும் இடமெல்லாம் அதில் பெயர் எழுதும் பழக்கம்.

டிக்கெட் எடுக்க சதக் முதலில் போவார். பிறகு அவளைக் கூப்பிடுவார்.

ராமநாதபுரம் அரண்மனையில் பெயர் இருந்தது. மண்டபம் ஊர் மீன் காட்சியகத்திலும் இருந்தது.

“இன்னைக்குக் காலைலதான் வந்துட்டுப் போயிருக்கான். அடுத்த ஊர்ல புடிச்சிரலாம்,” என்றார் சதக்.

ராமேஸ்வரத்துச் சங்குக் கண்காட்சியில் மலிகா அவருக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டாள். அவர் ஓடி வருவதற்குள் பதிவேட்டைப் பார்த்து முடித்திருந்தாள்.

“இங்கன வரலை போல,” என்றார் மூச்சு வாங்க.

மலிகா பேனாவை அவரிடம் நீட்டினாள்.

“சவூதியிலேருந்து பதினெட்டு வருசம் கடுதாசி போட்டீக. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

சதக் பேனாவை வாங்கிக்கொண்டார்.

“நான் வெளிய நிக்கிறேன். எழுதிட்டுக் கூப்பிடுங்க, வந்து பாக்குறேன்.”