கடைசிப் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு ரயில் நிலையமாம். அந்த நிலையத்துக்கு ஒரு குரலாம். இருபத்தாறு வருஷமா அந்தக் குரல் சொன்னாத்தான் ஜனங்க மூட்டை முடிச்சைத் தூக்குவாங்களாம்.

ஒருநாள் காலையில், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பல் தேய்க்கப் போன இடத்தில் சுருண்டு விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. கை கால் பிழைத்துக்கொண்டது. நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

நிலைய அதிகாரி வீட்டுக்கே வந்தார்.

"மூணு மாசம் டைம் வாங்கியிருக்கேன் சார். மைக் முன்னாடி ஒரே ஒரு அறிவிப்பு. தெளிவாச் சொல்லிட்டீங்கன்னா நாற்காலி உங்களுக்குத்தான். இல்லேன்னா பார்சல் பிரிவு."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி, அவர் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். தினமும் அதன் முன்னால் பேச வேண்டும். செயற்கை நுண்ணறிவு கேட்டு நட்சத்திரம் போடும். பேசின வீடியோ ஒரு பொதுப் பக்கத்துக்குப் போகும். யார் வேண்டுமானாலும் கீழே கருத்து எழுதலாம்.

முதல் நாள் அவர் பேசினார்.

"மூ... ணாவ... ந... மே..."

"அருமை! ஐந்து நட்சத்திரம்!" என்றது செயலி.

கீழே ஒரே இதயமும் கைதட்டலும். 'சூப்பர் சார்!' 'கலக்கறீங்க அங்கிள்!'

நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. எழுதியவர் பெயர் 'கடைசிப் பெட்டி'.

'நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கே போயிடும் சார்.'

மகள் கொதித்துப்போனாள். "யாரும்மா இந்தப் படுபாவி? மனுஷ ஜென்மம்தானா?"

அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "போகட்டும், விடுடி" என்றாள்.

"உனக்கு எதுக்குத்தான் கோபம் வரும்? சரியான வாயில்லாப் பூச்சி!"

கடைசிப் பெட்டி விடுகிற வழியாக இல்லை.

''மூணாவது' தேறிடுச்சு. 'நடைமேடை'தான் நொண்டுது.'

இன்னொரு நாள், 'மூச்சை எங்கே விட்டுட்டு வந்தீங்க, வெயிட்டிங் ரூம்லயா?'

அப்பாவின் முகம் சிவக்கும். போனை ஒரு முறை முறைப்பார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

பொறுத்துப் பார்த்த மகள் ஒரு திங்கட்கிழமை புகார் தட்டிவிட்டாள். இரண்டே நிமிடத்தில் பதில்: 'அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. பயனரின் மனம் நோகாமல் காப்பதே எங்கள் முதல் அக்கறை.'

"ஒழிஞ்சான்!" என்று கூடத்தில் ஒரு சுற்று ஆடியேவிட்டாள்.

மறுநாள் அப்பா கருத்துகளைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இதயம். கைதட்டல். மறுபடி இதயம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அதற்கடுத்த நாள் செயலியின் முன்னால் வெறுமனே இருமினார்.

"அருமை! நான்கு நட்சத்திரம்!"

சனிக்கிழமை பயிற்சிக்காரப் பெண்மணி, தினம் எவ்வளவு நேரம் பேசினார் என்று செயலி போட்ட கணக்கோடு வந்து நின்றார்.

"என்ன சார் இது? தினம் ரெண்டு மணி நேரம் விடாம பேசிட்டிருந்தீங்க. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து எல்லாம் சேர்த்தே மூணு நிமிஷம்! இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"திங்கட்கிழமைதான் நான் அந்தக் கடைசிப் பெட்டியைக் கழட்டிவிட்டேன்..." மகளின் குரல் இறங்கியது.

அப்பா வாயைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தார்.

"அவன்... ஒருத்தன்தான்... முழுசா... கேட்டான்."

மகளுக்குச் சுருக்கென்றது. ஆபீஸிலிருந்து தினமும் தவறாமல் இதயம் போட்டவள் அவள். ஒரு வீடியோவையும் கடைசிவரை பார்த்ததில்லை.

வந்தவர் கிளம்பினதும் செயலிக்காரர்களுக்குக் கெஞ்சி எழுதினாள். 'உங்கள் கோரிக்கை முப்பது நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும்' என்று வந்தது.

சமையலறைக்கு ஓடினாள். "எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்மா! அந்த ஆளை எங்கே போய்த் தேடுவேன்? ஊரும் தெரியாது, பேரும் தெரியாது!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "உன் போனைக் கொஞ்சம் குடு."

"இப்ப எதுக்கும்மா?"

"குடுன்னா."

சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஒற்றை விரலால் எதையோ நெடுநேரம் தட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள் அறையிலிருந்து ஒரு கூச்சல்.

"டேய்... வந்து... வந்துட்டியாடா!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதன் பின்னாலிருந்து அந்த இருபத்தாறு வருஷத்துக் குரல், அங்கங்கே தடுக்கினாலும் நிற்காமல் வந்தது.

"மூன்றாவது... நடைமேடையிலிருந்து... வண்டி... இன்னும் சற்று நேரத்தில்... புறப்படும்!"

மகள் அவசரமாகத் தன் போனைப் பார்த்தாள். புதுக் கணக்கு ஒன்று திறந்திருந்தது. பெயர், 'கடைசிப் பெட்டி 2'. அதற்குக் கீழே, 'இருமலுக்கெல்லாம் ரயில் நிக்காது சார்.'

"அம்மா! நீயா?"

"கத்தாதடி, உள்ள கேட்டுடப் போகுது. என் போன்ல இருந்த கணக்கைத்தான் நீ மூட வச்சுட்டியே. நேர்ல நான் சொன்னா அவருக்கு அழுகை வருது. முகம் தெரியாதவன் சொன்னா ரோஷம் வருது. என்ன பண்ணச் சொல்றே?"

சொல்லிவிட்டு, தொண்டை காய்ந்திருக்குமே என்று ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி அந்த அறையைப் பார்த்து நடந்தாள்.