இடது கால் ஷூ

"யோவ், அந்த ஷூவைக் கழட்டுய்யா!"

தேவாலயத்தில் நாற்பதாம் நாள் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. வெளியே சாப்பாட்டு மேஜைகளைப் பார்த்து நடந்துகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். ஃபாதர் கையில் வைத்திருந்த, செத்தவருக்காகப் படைத்த இனிப்புக் கோதுமைத் தட்டு ஒரு ஆட்டம் ஆடியது.

கத்தியவன் கொர்னேல். செத்துப்போன த்ரயானின் ஒரே மகன். ருமேனியாவை விட்டு இத்தாலிக்கு டைல்ஸ் ஒட்டப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அப்பா அடக்கத்துக்கு வந்து போனவன், இன்றைய சடங்குக்காக மறுபடி வந்திருக்கிறான்.

அவன் கத்தியது பக்கத்து வீட்டு சிமியோனைப் பார்த்து.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். செத்தவர் பேரைச் சொல்லி, அவர் வயசும் அவர் அளவும் உள்ள ஒருத்தருக்குத் தலை முதல் கால் வரை புதுசு கொடுக்க வேண்டும். இங்கே இவர் போடப் போட, அங்கே அவருக்குப் போய்ச் சேரும். கொடுக்காவிட்டால் அந்த உலகத்தில் செத்தவர் வெறுங்காலோடு அலைவார்.

கொர்னேல் குறை வைக்கவில்லை. கோட்டு, சட்டை, இத்தாலியில் அவன் இருக்கும் டூரினில் பெரிய கடையில் வாங்கிய கறுப்பு ஷூ. கூர்மூக்கு, முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. த்ரயானுக்கும் சிமியோனுக்கும் ஒரே வயசு, ஒரே நாற்பத்திரண்டு சைஸ். அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் கொடுத்தான். "ஆண்டவர் அவனை மன்னிக்கட்டும்" என்று முறைப்படி சொல்லி சிமியோனும் வாங்கிக்கொண்டார்.

இன்று அதே ஷூவோடு வந்திருக்கிறார். இடது ஷூவில், கட்டைவிரலை ஒட்டி, வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே சாக்ஸ் தெரிந்தது.

"மாமா மாமான்னு நம்பிக் குடுத்தேன். நாப்பதே நாள்ல கிழிச்சுட்டியே! குடிச்சுட்டு எங்க போய் விழுந்த?"

"விழல. நான்தான் வெட்டினேன்" என்றார் சிமியோன். "பிளேடால."

குழறிக் குழறிச் சொல்லியிருந்தாலாவது போதை என்று விட்டிருப்பான். மனுஷர் தெளிவாகச் சொன்னார். கொர்னேலுக்கு இன்னும் ஏறியது.

"கேட்டீங்களா ஃபாதர்? வெட்டினாராம்! எங்கப்பா ஷூவை பிளேடால வெட்டினாராம்! ஏன்யா, கடிச்சுதுன்னா ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்குக் கடிக்கல."

"அதையும் பார்த்துடறேன்!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. குனிந்தான், கயிற்றை அவிழ்த்தான், ஷூவையும் சாக்ஸையும் சேர்த்து உருவிவிட்டான். சிமியோன் ஒற்றைக் காலில் நின்று மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையாக, நேராக ஒரு கால். ஒரு புண் இல்லை, ஒரு ஆணி இல்லை.

"பாருங்க எல்லாரும்! புதுப்பொண்ணு கால் மாதிரி இருக்கு. அப்ப இது கொழுப்பா, பொறாமையா?"

எங்களுக்கும் கோபம்தான், மறைப்பானேன். "அநியாயம்" என்று முதலில் சொன்னது நான்தான்.

"எங்கப்பா எனக்கு அப்படி என்ன பண்ணிட்டாரு?" கொர்னேல் ஷூவைத் தூக்கிக் காட்டினான். "இதே ஊர்ல என் கல்யாணம். ஊரே கை கோத்து ஆடுது. பெத்த அப்பா ஒரு சுத்து ஆட வரல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தாரு. இத்தாலியில இருந்து வந்த பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி எனக்கு எவ்ளோ அசிங்கம்! பன்னெண்டு வருஷம் அவரோட நான் சரியாப் பேசல. அதையும் விழுங்கிட்டு, போற வழியிலயாவது நல்ல ஷூ போட்டு நடக்கட்டும்னு வாங்கினேன். அதுல போய்..."

குரல் உடைந்தது. அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

"போதும் நிறுத்துடா!"

இப்போது கத்தியது சிமியோன். அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

"உங்கப்பன் இடது காலை நீ கடைசியா எப்படா பார்த்த?"

கொர்னேல் கையிலிருந்த ஷூவின் ஓட்டையைப் பார்த்தான்.

"கட்டைவிரல் பக்கம் எலும்பு வெளிய தள்ளி நின்னுச்சு, அக்ரூட் கொட்டை அளவுக்கு. பதினஞ்சு வருஷமா! எந்த ஷூ வாங்கினாலும், வாங்கின அன்னிக்கே அந்த எடத்துல பிளேடால வட்டமா எடுத்துடுவான். நான்தான் அசையாமப் புடிச்சுப்பேன்."

ஃபாதர் தட்டை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"உன் கல்யாணத்துல போட்டுக்கச் சொல்லி டூரின்ல இருந்து ஒரு ஷூ அனுப்பினியே, ஞாபகம் இருக்கா? அதுலயும் எடுத்துடுடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். 'பையன் ஆசையா அனுப்பினதுடா, கத்தி வெக்க மனசு வரல'ன்னுட்டான். அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கலடா மடையா! வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்."

கொர்னேல் கையிலிருந்த ஷூவை சிமியோன் வெடுக்கென்று பிடுங்கி, மாட்டிக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"நான் போட்டா அவனுக்குப் போய்ச் சேரும்னுதானே குடுத்த? அப்ப நான் என் காலுக்குப் பார்ப்பேனா, அவன் காலுக்குப் பார்ப்பேனா? இந்தத் தடவையாச்சும் அவன் ஆடட்டும்டா!"